மைசூர்பாகு டின்

எங்கள் வீட்டில் மாத்திரைகளுக்குச் சாவு கிடையாது. ரிடையர்மென்ட் மட்டும்தான். ரிடையரானவை ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும் மைசூர்பாகு டின்னில் குடியேறிவிடும். அதில் கடைசியாக மைசூர்பாகு இருந்தது என் கல்யாணத்தின்போது.

இந்தப் போகிக்கு அதைக் கவிழ்த்தேன். முழங்கால் ஆபரேஷனின்போது அப்பா விழுங்கியது போக மிஞ்சிய வலி மாத்திரை, டிரமடால். ஐந்து நாள் போடச் சொல்லி, மூன்றாம் நாளே "சரியாயிடுச்சு" என்று நான் நிறுத்திய ஆன்டிபயாடிக். திறந்த ஒரே மாதத்தில் தூக்கி எறிய வேண்டிய கண் சொட்டு மருந்து. இது இரண்டு தீபாவளி பார்த்தது.

"எல்லாம் எக்ஸ்பயரி ஆயிருக்கும்மா."

"எங்கடா போட்டிருக்கு?"

எங்கேயும் போட்டிருக்கவில்லை. தேதி அட்டையின் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். நாம் "அஞ்சு குடுங்க" என்போம். கடைக்காரர் மறு ஓரத்திலிருந்து கத்தரிப்பார். தேதி இல்லாத மாத்திரை சிரஞ்சீவி. கீழ்வீட்டு அக்காவுக்கு வயிற்றுவலி என்றால், "அந்த ரோஸ் கலர்ல ஒண்ணு எடுத்துக் குடு" என்று அம்மா உள்ளேயிருந்தே வைத்தியம் பார்ப்பதும் இந்த டின்னை நம்பித்தான்.

கடைக்கே கொண்டுபோனேன். "வெட்டின அட்டையைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்." வெட்டியவர் அவரேதான்.

குப்பை வண்டி வந்தது. "மக்குமா, மக்காதா?" என்றார் வண்டிக்கார அக்கா. யோசித்தேன். ஆன்டிபயாடிக்கை மக்கும் குப்பையில் போட்டால், மக்க வைக்கிற கிருமியே செத்துவிடுமே! 2016 திடக்கழிவு விதிகள் காலாவதி மருந்தைப் பூச்சிமருந்து டப்பா, உடைந்த தெர்மாமீட்டர் ஆகியவற்றோடு வீட்டு அபாயக் கழிவாக, தனியாக வைக்கச் சொல்லியிருந்தன. அதையும் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு டப்பா வந்தா சொல்றேன் சார்."

டிரமடாலுக்கு மட்டும் வழி இருந்தது. வேறு யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் 17 மருந்துகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னது. டயஸிபாம், ஃபென்டனில் வரிசையில் டிரமடாலும் உண்டு. மற்றவற்றை அப்படிப் போட்டால் ஆற்றுக்கும் ஏரிக்கும்தான் வைத்தியம் நடக்கும். அம்மா கழிவறை வாசலில் நின்று, காசு கொடுத்து வாங்கியது கண்ணெதிரே சுழன்று போவதைப் பார்த்தாள். அப்பாவின் பென்ஷனே போவது மாதிரி முகம்.

மிச்சத்துக்கு அமெரிக்க முறை: மருந்தைக் காபிச் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுவது. "சக்கை ரோஜாச் செடிக்கு" என்று ஃபில்டரை அம்மா நகர்த்திக்கொண்டாள்.

கேரளத்தில், 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, வீட்டு மருந்தை அரசே சேகரித்து எரிக்கிறது. அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மங்களூர் மெயிலில் டிக்கெட் பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்ட். "போறதுன்னா டின்னை விட்டுட்டுப் போ" என்றாள் அம்மா.

ஆக, டின் மறுபடி ஃப்ரிட்ஜ் மேல். "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அலைந்ததில் எனக்குத் தலைவலி. அதே கடையில் பாராசிட்டமால் ஐந்து கேட்டேன், இந்த முறை உஷாராக, "தேதி இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க."

கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது.

"தேதி கடைக்கு சார். மாத்திரைதான் உங்களுக்கு."