பற்பசைக் குழாயின் கடைசிப் பிதுக்கல்: அமைப்பியல், பின்னமைப்பியல், கத்தரிக்கோலியல் நோக்கு

முன்னுரை: தமிழர் வாழ்வில் பல் பெறும் இடம் யாவரும் அறிந்ததே. யாவரும் அறிந்ததை மறுபடி சொல்வதே முன்னுரையின் கடமை. ஆகவே வளர்ந்த மனிதருக்குப் பற்கள் 32 என்றும், பாற்பற்கள் 20 என்றும், இவை பெரும்பாலும் வாயில் காணப்படுகின்றன என்றும் இங்கே பதிவு செய்யப்படுகிறது.

ஆய்வு எல்லை: பல்லைத் தொட்டால் ஈறு வரும், ஈறைத் தொட்டால் இரத்தம் வரும். எனவே இக்கட்டுரை பற்பசைக் குழாயோடு நின்றுகொள்கிறது. அதிலும், ‘பேஸ்ட் தீர்ந்துபோச்சு’ என்று வீட்டில் ஒருவர் அறிவிக்கும் நாளுக்கும் அது மெய்யாகவே தீரும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே நம் களம். தனிக்குடித்தனங்களில் இது இரண்டொரு நாள். பெரியம்மா இருக்கும் வீடுகளில் ஒரு பருவம்.

கருதுகோள்: குழாய் தீர்வதில்லை, பிதுக்குபவரின் பொறுமையே தீர்கிறது. இக்கருதுகோள் கட்டுரை முடிவதற்குள் மெய்ப்பிக்கப்படும். கருதுகோள் பொய்த்துப்போய்ப் பட்டம் இழந்த ஆய்வாளர் யாரையும் நம் பல்கலைக்கழகங்களில் நான் கேள்விப்பட்டதில்லை.

முன்னாய்வுகள்: இத்துறையில் இதுவே முதல் ஆய்வு. வேறெதையும் தேடிப் பார்க்கவில்லை என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

வரலாறு: மடங்கும் குழாயைப் படைத்தவர் பல் மருத்துவர் அல்லர், ஓவியர். ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் வண்ணம் காயாமல் இருக்க உலோகக் குழாய் ஒன்றைச் செய்து 1841-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை ஓவியர்கள் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். 1873-இல் பற்பசையைச் சீசாவில் விற்ற கோல்கேட் நிறுவனம் 1896-இல் குழாய்க்கு மாறியது. சங்க காலத் தமிழரிடம் பற்பசைக் குழாய் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் சான்று கிடைக்காதவை யாவும் கடல்கொண்ட பகுதியில்தான் இருந்தன என்று கொள்ளும் ஆய்வு மரபு நம்மிடம் வலுவாக இருப்பதால், அக்கதவை இப்போதைக்குச் சாத்த வேண்டாம். ஆலங்குச்சிக்கும் வேப்பங்குச்சிக்கும் கடைசிப் பிதுக்கல் என்ற சிக்கலே கிடையாது. மென்றார்கள், தேய்த்தார்கள், வேலிக்கு அப்பால் எறிந்தார்கள். பல்பொடிக்காரர்களுக்கு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினால் போதும்.

வகைப்பாடு: பிதுக்குவோர் பல வகையினர்.

அடியிலிருந்து பிதுக்குவோர். நல்லவர்கள்.

நடுவில் பிதுக்குவோர். இவர்களுக்கும் முந்தைய வகையினருக்கும் திருமணங்கள் நடந்தவண்ணம் உள்ளன. பத்துப் பொருத்தத்தில் இதைச் சேர்க்க இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

மூடியைத் திறந்தே போடுவோர். இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

உருட்டுவோர். ஆய்வின் உயிர்நிலை இங்குதான். அலுமினியக் குழாய்க் காலத்தில் வாலை ஒருமுறை சுருட்டினால் அது சுருண்டபடியே கிடந்தது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்றைய குழாய் பிளாஸ்டிக் அடுக்குகளால் ஆனது, அழுத்தம் விலகியதும் நிமிர்ந்துகொள்கிறது. நிமிரும்போது காற்றை உள்ளிழுத்து, வாசல்வரை வந்த பசையையும் கூடவே உள்ளே அழைத்துக்கொள்கிறது. ஆக, உலோகக் குழாயில் தந்தை பட்ட பாடு மகனுக்குப் பயன்பட்டது. பிளாஸ்டிக் குழாயில் ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பசையின் குணமும் இதற்கு உடந்தை. பற்பசை ‘பிங்ஹாம் பொருள்’ என்ற வகையைச் சேர்ந்தது. அமெரிக்க வேதியியலாளர் யூஜின் பிங்ஹாமின் பெயரால் அழைக்கப்படுவது. குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை திடப்பொருளாக அடம்பிடித்து நிற்கும், அதைத் தாண்டினால் ஓடும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும்போது உறவினர் சிலரிடமும் இவ்வியல்பைக் காணலாம்.

அந்த அழுத்தத்தை உண்டாக்கத் தமிழர் கையாளும் கருவிகளாவன: சப்பாத்திக் கட்டை (அம்மா, சமையலறை), சீப்பின் முதுகு (அண்ணன், வாய்மொழி), துணி கிளிப் (பெரியம்மா, கொல்லைப்புறம், கொடிக்கயிற்றுக்குக் கீழ்), கதவிடுக்கு. கதவிடுக்கு முறையில் குழாயைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொடுத்து மெல்லச் சாத்த வேண்டும். பிரஷ் பிடிக்க எதிர்ப்புறம் ஒருவர் தேவை (சின்ன மாமா, ‘வாசலும் வாயும்: ஒரு மறுவாசிப்பு’, மின்கட்டண ரசீதின் பின்புறம், இரண்டாம் மடிப்புக்குக் கீழே, எண்ணெய்க் கறையால் முடிவுரை கிடைக்கவில்லை). இதைப் பெரியம்மா முற்றாக மறுக்கிறார் (மேற்படி ரசீதின் ஓரக் குறிப்பு, கண்மையால் எழுதப்பட்டது, காலம் கணிக்க இயலவில்லை, எனினும் மின்கட்டணம் உயர்வதற்கு முந்தையது).

இனிக் கத்தரிக்கோலியல். இதில் இரு பள்ளிகள் உண்டு. அடியை வெட்டும் பள்ளி பிரஷை நேரே உள்ளே விட்டுத் துழாவுகிறது. நடுவில் வெட்டும் பள்ளியோ இரு பாதியையும் வழித்தபின் ஒன்றை மற்றொன்றுக்குள் மூடியாகச் செருகிவிடுகிறது, பசை காய்வதில்லை. இப்பள்ளியின் மூல ஆசிரியர் பெரியம்மா என்பதே பெரும்பான்மைக் கருத்து. அது சின்ன மாமாவுடையது என்று ஒரு பாடபேதம் உண்டு (சின்ன மாமா, ‘நானே வெட்டினேன்’, தன்னால் தனக்கே வாசிக்கப்பட்டது, மொட்டைமாடி, தலைமை: தான், நன்றியுரை: காகம்). தன்னைத்தானே மேற்கோள் காட்டுவது முறையா என்று கேட்பவர்கள் அண்மையில் வந்த ஆய்விதழ் ஏதாவது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கட்டும். அதில் எழுதுவதற்கும் காசு கொடுத்திருப்பார்கள்.

ஒப்பியல் நோக்கு: இரண்டாம் உலகப் போரில் வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942-இல் அமெரிக்காவில் பழைய குழாயைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய குழாய் என்று விதித்தார்கள். பெரியம்மா அங்கே பிறந்திருந்தால் அமைச்சராகியிருப்பார். பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் கிருபா வாரணாசியின் குழு, புட்டியின் உட்சுவரில் எதுவும் ஒட்டாதபடி வழுக்கும் பூச்சு ஒன்றை உருவாக்கியது. தக்காளி சாஸ் புட்டியில் தொடங்கிப் பற்பசைவரை வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நிறுவனம் அமைந்தது. சின்ன மாமாவுக்குக் கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்காததற்கான வசவு கிடைத்தது.

பெறப்பட்ட உண்மைகள்: விளம்பரங்களில் பசை பிரஷின் நீளத்துக்கு அலையடித்துக் கிடக்கிறது. பல் மருத்துவர் கேட்பதோ மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணியளவு. பெரியவர்களுக்கும் பட்டாணிக்கு மேல் தேவையில்லை. கணக்குப்படி, வெட்டிய குழாய்க்குள் கிடப்பது ஒரு குடும்பத்தின் பல நாள் பங்கு. ஆக, பெரியம்மா சொல்வது அறிவியல். பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவர் இரண்டு நிமிடம் துலக்கச் சொல்கிறார், மென்மையான பிரஷால், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 பாகை சாய்த்து, அழுத்தாமல். நம் களத்திலோ பிதுக்குவதற்குப் பத்து நிமிடம், துலக்குவதற்குப் பால் பொங்குவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அழுத்தம் மட்டும் குறைவதில்லை. குழாய்மேல் இருந்த கோபம் ஈறுக்கு மாறுகிறது.

இரவில் துலக்குதல்: தரவு கிடைக்கவில்லை.

புன்னகை: பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் வெளியிட்ட நூலில், வாயோரத்தை உயர்த்தும் தசை நம் சொல்லைக் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளபடியே மகிழ்ந்தால்தான் அசையும் என்று பிரித்துக் காட்டினார். முகங்களில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தே இதைக் கண்டறிந்தார். அத்தனை சிரமம் தேவையில்லை. கல்யாண ஆல்பத்தில் மேடையேறிய உறவினர் அனைவரிடமும் முதல் தசை மட்டும் வேலை செய்கிறது. எல்லோரும் கைவிட்ட குழாயிலிருந்து ஒரு பட்டாணி பசையை வரவழைத்தவர் முகத்தில் இரண்டும் வேலை செய்கின்றன. புன்னகையை மேம்படுத்த இதைவிடச் செலவு குறைந்த வழி நான் அறியேன்.

நன்றியுரை: ஆய்வு நெடுகிலும் புதுக் குழாயைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, களம் கெடாமல் காத்தவர் பெரியம்மா. அவருக்குப் பசையே வேண்டாம். பல்செட்டைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.