பெருமாள் போகும் வேட்டை

லாஸ் வேகாஸில் ஜனவரிதோறும் துப்பாக்கி, வேட்டைச் சாமான் கண்காட்சி அமர்க்களப்படுகிறதாமே! நம்ம காஞ்சிபுரத்தில் வேட்டைக்கு என்ன இருக்கிறது?
*- வாசகர், காஞ்சிபுரம்*

அதே ஜனவரியில் நம் பெருமாளே வேட்டைக்குக் கிளம்புகிறாரே! மாட்டுப் பொங்கலுக்கு வரதராஜர் பாலாற்றங்கரையில் இருக்கும் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டை எழுந்தருள்வார். 1979-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் துப்பாக்கித் தொழில் செய்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. இங்கே வழிநெடுக ஊரே கூடி நின்று சேவிக்கலாம்.

அங்கே போய் ஒரு துப்பாக்கி பார்த்து வரலாமா?
*- அதே வாசகர்*

பார்த்துவிட்டு எதைச் சுடப் போகிறீர்கள்? 1972-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நம் பக்கத்து ஜனங்கள் அதற்கும் முன்னோடிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, 1790களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புக்குக் கௌல் என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக எரு போட வேண்டாமே! அந்தப் பிளேஸ் துரை வேறு யாருமில்லை, நம் வரதருக்குத் தலையணி சமர்ப்பித்தவர்தான். அடுத்த முறை சேவிக்கும்போது பெருமாள் திருமுடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.