கேவண்டிஷ் என்னும் மூடிய பரப்பு

ப்ளஸ் டூ பிசிக்ஸில் முதல் பாடத்திலேயே குறுக்கே வந்து நிற்பது காஸ் விதி. மூடிய பரப்பு, மின்பாயம், எப்சைலான் நாட் என்று நெட்டுரு போட்டோம், மார்க் வாங்கினோம், பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே மறந்தோம். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் விஷயம் நம் வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார்தான். உள்ளே ஒரு பல்பு, சுற்றிலும் மெல்லிய கண்ணாடித்தாள். அஞ்சு முனை வையுங்கள், பூசணிக்காயாகச் செய்யுங்கள், பல்பு விடுகிற வெளிச்சம் அத்தனையும் அந்தத் தாளைத் தாண்டித்தான் ஆகவேண்டும். தெருவிளக்கு வெளிச்சமா? இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். வரவும் செலவும் சரி, மிச்சம் பூஜ்யம். பல்புக்குப் பதில் மின்னூட்டம், வெளிச்சத்துக்குப் பதில் மின்பாயம் என்று வைத்துக்கொண்டால் அதுதான் காஸ் விதி. ஆக, வெளியே வருவதை எண்ணினால் உள்ளே எவ்வளவு மின்னூட்டம் என்று சொல்லிவிடலாம். உள்ளதை ஒளிக்க முடியாது என்கிறது விதி. ஒளித்து வைப்பதில் உலக சாம்பியன்கள் ரெண்டு பேர் இந்தக் கதையில் வருகிறார்கள் என்பதுதான் கூத்து.

முதலாமவர் சாட்சாத் காஸ். 1813-இல் இந்தக் கணக்கைப் போட்டபோது அவருக்கு மின்சாரம் நினைப்பிலேயே இல்லை, நீள்கோளங்களின் ஈர்ப்புவிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். லாக்ராஞ்ச் 1773-லேயே அதே வழியில் நடந்துவிட்டார் என்பது தனிச் சங்கடம். காஸின் கொள்கை, 'கொஞ்சமாக, ஆனால் கனிந்ததாக'. பழுத்தால்தான் பறிப்பார். 1832-இல் இளைஞர் போயாய் புதுமாதிரி வடிவியல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு காஸ் மெச்சுவார் என்று காத்திருந்தால், அவர் எழுதிய பதிலின் சாரம்: இதைப் புகழ்ந்தால் என்னையே நான் புகழ்ந்துகொண்ட மாதிரி, இதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும். அந்தப் பையனின் முகத்தை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் ரெண்டாமவருக்கு முன்னால் காஸெல்லாம் வாயாடி.

விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ். அப்பா வழித் தாத்தா ஒரு ட்யூக், அம்மா வழித் தாத்தா இன்னொரு ட்யூக். எண்ணி மாளாத பணம். போட்டுக்கொள்வதோ வெளுத்துப்போன பழைய பாணிக் கோட்டு. மனிதரைக் கண்டால் கூச்சம், பெண்களைக் கண்டால் கிலி. வீட்டு வேலைக்காரியிடம் பேசப் பயந்து, சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று சீட்டு எழுதி மேஜையில் வைத்துவிடுவாராம். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே மெசேஜ் ஒன்லி! விருந்தாளிகள் வந்த ஒரு நாள், என்ன சமைக்க என்று கேட்டவரிடம் "ஆட்டுத்தொடை ஒண்ணு" என்றார். அஞ்சு பேருக்குப் பத்தாதே என்றதும் ஆழ்ந்து யோசித்துச் சொன்ன தீர்வு: "அப்போ ரெண்டு."

இந்த மனுஷர் 1773 வாக்கில் என்ன செய்தார் தெரியுமா? 12.1 அங்குல உருண்டை ஒன்றை எடுத்துத் தகரத்தாள் ஒட்டினார். அதைத் தொடாமல் மூடிக்கொள்ளும்படி, தேங்காய் மூடி மாதிரி ரெண்டு அட்டைக் கிண்ணங்கள், அவற்றுக்கும் தகரத்தாள். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு கம்பியால் இணைப்பு. வெளி ஓட்டுக்கு மின்னூட்டம் கொடுத்தார். பட்டு நூலால் கம்பியைச் சுண்டி இழுத்தார். மூடியைத் திறந்து உள் உருண்டையைச் சோதித்தார். ஒன்றும் இல்லை. சுத்த சூன்யம்.

அந்தச் சூன்யத்தில்தான் விஷயமே. தூரம் ரெண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்றாகும் என்பது கறாராக உண்மையாக இருந்தால்தான் உள்ளே பூஜ்யம் வரும். (பரப்பு நாலு மடங்கு, புலம் கால்பங்கு. பெருக்கினால் பழைய கணக்கே. காஸ் விதி உயிர்வாழ்வது இந்த ஒரு பெருக்கலில்தான்.) அடுக்கு 2 என்பதில் பிசகு இருந்தாலும் ஐம்பதில் ஒன்றுக்கு மேல் போகாது என்று கணக்குப் போட்டார் கேவண்டிஷ். பேனாவைக் கீழே வைத்தார். காகிதத்தைக் கட்டி உள்ளே வைத்தார். அவ்வளவுதான்!

நியாயமாகச் சொன்னால், இதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஃபிராங்க்ளின். மின்னூட்டம் கொடுத்த வெள்ளிக் குவளைக்குள் தொங்கவிட்ட கார்க் உருண்டையைக் குவளைச் சுவர் சீந்தவே இல்லை என்று கவனித்தார், காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். அதை வைத்து 1767-இல், ஈர்ப்புவிசையின் அதே விதிதான் இங்கேயும் என்று ஊகித்தவர் ப்ரீஸ்ட்லி. (சோடாவுக்கும் இவரே மூலபுருஷர். அடுத்த கோலி சோடாவை அவர் பேரில் உடையுங்கள்.) 1785-இல் கூலும் முறுக்குத் தராசோடு வந்து விசையை அளந்தார், அச்சில் போட்டார், பேரைத் தட்டிக்கொண்டு போனார்.

கேவண்டிஷ் மூச்சு விடவில்லை. உள்ளே அவ்வளவு மின்னூட்டம், வெளியே மின்பாயம் பூஜ்யம். காஸ் விதிக்குக் கட்டுப்படாத ஒரே மூடிய பரப்பு அவர்தான். 1810-இல் அவருடைய விதி முடிந்தது. அவர் நிரூபித்த விதி அச்சேறியது 1879-இல்.

அச்சேற்றியவர் மேக்ஸ்வெல். கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் குடும்பத்து ட்யூக் ஒருவர் கொடுத்த காசில் எழுந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர். அந்தக் காகிதக் கட்டைப் பிரித்தவர் சொக்கிப்போனார். உருண்டைச் சோதனையைத் திரும்பச் செய்யவைத்தார், பிசகு 21,600-இல் ஒன்றுக்கும் கீழே போயிற்று. இன்னொரு விஷயமும் அகப்பட்டது. மின்னோட்டத்தை அளக்க மீட்டர் இல்லாததால் கேவண்டிஷ் தன் உடம்பையே மீட்டராக்கி, ஷாக் எவ்வளவு பலம் என்று பார்த்துக் குறித்திருந்தார். அந்த எண்கள் பிற்கால அளவீடுகளோடு ஆச்சரியமாக ஒத்துப்போயின. மேக்ஸ்வெல்லுக்கு ஆசை வந்துவிட்டது, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து ஷாக் கொடுக்க ஆரம்பித்தார்.

வானியல் பற்றி நாலு யோசனை கேட்கலாமென்று அமெரிக்காவிலிருந்து ஒரு இளைஞர் அவரைத் தேடி வந்தார். மேக்ஸ்வெல் வானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேவண்டிஷ் புராணம்தான் பாடினார். கோட்டைக் கழற்றச் சொல்லி, ரெண்டு கையையும் தண்ணீர்த் தொட்டிகளில் விடச் சொல்லி, வரிசையாக ஷாக் கொடுத்தார். அந்த இளைஞர் பின்னால் இதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாராம்.