நாலு தசம் ஒன்பது ஒன்பது

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு என் மணிக்கூடு 5.00 என்று காட்டியது. கண்ணால் கண்டுதான் நிப்பாட்டினேன். உள்ளே போய்த் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு போனைத் திறந்தால் 4.99. பத்து மீற்றரை எங்கே கொட்டிவிட்டு வந்தேன்? படலைக்கும் குசினிக்கும் இடையிலா?

துல்லியமாகத் தூரம் எடுப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் சொல்லித் தரப்போகிறேன். மூன்று வழி இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

நான் ஓடுவது வேலணையிலிருந்து வாணர் பாலத்துப் பக்கம். பட்டணத்து ஆட்களுக்குச் சாட்டுகள் உண்டு: மாடிக் கட்டடத்தில் சைகை பட்டுத் தெறிக்கிறது, மரம் மறைக்கிறது. எனக்கு என்ன சாட்டு? இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே முழு வானம். 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு நான் மறைப்பே இல்லாமல் தெரிகிறேன். அவற்றின் அணு மணிக்கூடுகள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்தும் என்று ஐன்ஸ்டீனின் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே திருத்திவைத்திருக்கிறார்கள். திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றரளவு பிழைக்குமாம். பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழையாகக் காட்டிவந்த அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதம் அதையும் விட்டுவிட்டது. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டும், வரைபடத்தில் நான் பாலத்தில் இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில், கடலில் ஓடியிருக்கிறேன். கனடாவில் இருக்கும் மச்சான் உடனே குரல் அனுப்பினான்: "டேய், ஏசுநாதருக்குப் பிறகு நீதான்."

காரணம் தெரியாமல் திட்டவில்லை. மணிக்கூடு செக்கனுக்கொரு புள்ளி வைக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் நாலைந்து மீற்றர் அங்கே இங்கே விலகும். அவற்றைக் கோடிழுத்துத் தொடுத்தால், நேர்ரோட்டில் ஓடியவனின் பாதை தவறணையிலிருந்து வீடு திரும்புகிறவனின் பாதையாகிறது. வளைந்து வளைந்து போனால் தூரம் கூடத்தானே செய்யும்? 2016இல் பீற்றர் ரானாகரும் கூட்டாளிகளும் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார்கள். கூட்டிக் காட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வளைவு வந்ததும் மூலையை வெட்டிக் குறைக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை.

பேஸ் இன்னும் மோசம். கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம் ஓடுகிற நான் ஒரு செக்கனில் கடப்பது 2.4 மீற்றர். அளக்கிற பொருளைவிட அளவுகோலின் ஆட்டம் பெரிது. அதனால்தான் ஒரே மூச்சில் நாலரை நிமிட வீரனாகவும் பதினொரு நிமிடக் கிழவனாகவும் என்னைக் காட்டுகிறது. இது பேஸ் இல்லை, கைரேகை.

சரி, படலைக்குத் திரும்பும்போது மணிக்கூடு 4.96 காட்டுகிற கதைக்கு வருவோம். 4.96 காட்டும் கையோடு படலைக்குள் நுழையும் மனிதரை நான் நம்பமாட்டேன். நான் ஒழுங்கையிலேயே சுற்றுவேன். சின்ன வட்டம் உதவாது. மணிக்கூட்டின் பிழைக்குள்ளேயே வட்டம் அடங்கிவிடுவதால், நிற்கிறான் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே மின்கம்பத்தையும் பூவரசையும் சேர்த்து நீள்வட்டம். 4.97. நாய் எழும்பிப் பார்க்கிறது. 4.98. இன்னொரு சுற்று, 4.98. கையை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று, 4.98. நாயும் கூட வருகிறது. மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் பிரேக் பிடிக்கிறார்: "அண்ணை, மீனுக்கோ நிக்கிறியள்?" அவருக்குப் பதில் சொல்லித் திரும்பினால் 5.01. அது என்ன இலக்கம்? 5.01 ஓடினேன் என்று யாருக்காவது சொல்ல முடியுமா? 5.10 ஆக்கலாம். 5.10 ஆனபின் 5.25 ஏன் கூடாது? உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது! சுத்துறதெண்டால் கிணத்தடியிலை வந்து சுத்துங்கோ, ஒருக்கால் கூட்டியும் விடலாம்."

நேற்று முன்வீட்டுச் சின்னையா வந்துவிட்டார். "என்னத்தைத் தம்பி துலைச்சுப்போட்டாய்?"

"நாப்பது மீற்றர் சின்னையா."

"கயிறோ?"

விளங்கப்படுத்தினேன். அவருக்கு மீற்றர் பிடிக்காது, கட்டைக் கணக்குத்தான். அதைவிடப் பிடித்த அளவு சுருட்டு. வாணர் பாலத்துக்கு ஒரு சுருட்டுத் தூரமாம். சோழகம் எதிர்த்து அடித்தால் ஒன்றரைச் சுருட்டு. யோசித்துப் பார்த்தால் மனுசன் சொல்வது சரி. காற்று ஆளைப் பிந்தவைக்கிறது, சுருட்டை முந்தி எரிக்கிறது. அவருடைய அளவுக்குச் சோழகம் தெரிகிறது. என்னுடையதற்குத் தெரியாது. என்ன விலைக்கு வாங்கினேன் என்று எழுதலாம். மனைவி இதை வாசிப்பா.

விட்டேனா? சைக்கிளால் அளந்தேன். உலகத்து மரதன் பாதைகளையே சைக்கிளால்தான் அளக்கிறார்கள். முன்சில்லில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணி பூட்டி, குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் போடுகிறார்கள். 42.195 கிலோமீற்றருக்கு 42 மீற்றர். (என் நாற்பது மீற்றர் எங்கே போகிறதென்று அன்றுதான் துப்புக் கிடைத்தது.) என்னிடம் எண்ணி இல்லை. கம்பியில் சிவப்புச் சீலைத்துண்டு கட்டினேன். 28 அங்குலச் சில்லு, ஒரு சுற்றுக்கு 2.22 மீற்றர், 450 சுற்றுக்கு 999 மீற்றர். 311ஆவது சுற்றில் ஒருவர், "சைக்கிளிலை சீலை சிக்கியிருக்கு!" என்று கத்தினார். நன்றி சொன்னேன். எண்ணிக்கை போய்விட்டது.

நான் நேர்மையானவன் என்றும் நினைக்கவேண்டாம். போன மாதம் குறிகாட்டுவான் வரை ஓடி, அப்படியே நயினாதீவு அம்மனிடம் போக லோஞ்ச் ஏறினேன். மணிக்கூட்டை நிப்பாட்ட மறந்துவிட்டேன். என் வாழ்நாளின் அதிவேகக் கிலோமீற்றர் அன்று கடலில் பதிவாகியது. பதக்கப் படமும் வந்தது. அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். அது என் நட்டஈடு. நெடுந்தீவில் ஒரு கல் வளர்ந்துகொண்டே போகிறது என்று சொல்லிப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள், யாரும் நாடா கொண்டுபோய் அளந்து சண்டை பிடிப்பதில்லை. என் வேகம் ஒருநாள் வளர்ந்தால் மட்டும் என்ன?

மூன்று வழி சொன்னேன் அல்லவா? முதலாவது: தொடங்குமுன் செயற்கைக்கோள்கள் சரியாகப் பிடிபடும்வரை வெட்டவெளியில் அசையாமல் நிற்பது. நிற்கலாம். ஆனால் படலையடியில் நின்றால் சின்னையா வருகிறார். இன்று விடியற்காலை ரோச்லைட்டோடு வந்தார். நான் விளங்கப்படுத்தியது ஒன்றும் ஏறவில்லை. குனிந்து வேலியோரமாக அடித்துப் பார்த்தார்.

"நீ ஓடிப்போட்டு வா தம்பி, நான் பாக்கிறன். கயிறெண்டால் பாம்பு மாதிரித்தான் கிடக்கும், பாத்துக் கால்வை."

முப்பத்தைந்து நிமிடம் கழித்து 4.96ஓடு திரும்பினேன். அவர் பூவரசடியில் இன்னும் தேடிக்கொண்டு நின்றார். அவரையும் ரோச்லைட்டையும் நாயையும் சுற்றித்தான் கடைசி நாற்பது மீற்றரை ஓடி முடித்தேன். அதில் முப்பதைத்தான் போன் ஏற்றுக்கொண்டிருக்கிறது.