எங்கே போகிறாய் என்று கேட்கிற ஊர்

செபு நகரம்,
பிலிப்பைன்ஸ்.
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

முழங்கால் வலிக்குத் தைலமே போதும் என்று ஆச்சி சொன்னால் நம்பாதீர்கள்; டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை, ஆகவே இந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் குரல் செய்தி கிடைத்தது. "பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான நடக்கு, பொறவு எதுக்குல அந்தூரு பாஷைய மண்டையில ஏத்துத? அந்த நேரத்துல நாலு எலும்பு பேரப் படிக்கலாம்லா?" என்று கேட்டிருந்தீர்கள். எலும்புக்கு இங்கிலீஷ் போதும் மாமா. பரீட்சைக்கும் வங்கிக்கும் விமான நிலையத்துக்கும்கூடப் போதும். கேன்டீனுக்குத்தான் போதாது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற மேசையில் ஒருவன் ஏதோ சொல்வான். ஆறு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு எட்டாவது ஆளான எனக்காக ஒரு புண்ணியவதி அதை இங்கிலீஷில் விளக்குவாள். விளக்கி முடித்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சிரிப்பது என் கடமை. அந்தக் கடமையிலிருந்து விடுதலை வாங்கத்தான் படிக்கிறேன்.

புத்தகத்தில் செபுவானோ என்று போட்டிருக்கும். இவர்கள் வாயில் அது பிசாயா. செபு, போஹோல் தீவுகளிலும் மிண்டனாவோவின் பெரும்பகுதியிலுமாகச் சுமார் 2 கோடிப் பேர் பேசுகிறார்கள். தேசிய மொழி வேறு. அது மணிலாப் பக்கத்துத் தகலோகிலிருந்து வந்தது. மணிலாக்காரர் தகலோகில் கேட்டால் செபுக்காரர் சிலர் வேண்டுமென்றே இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். ஏன் என்று தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் பாடமே நம் வீட்டு வழக்கத்துக்கு நேர் எதிர். "ஆசா மான் கா?" என்றால் "எங்க போற?" வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் இதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் செருப்பு மாட்டும்போது யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, கேட்டவரின் பரம்பரையை மனசுக்குள் வாழ்த்திவிட்டு, அப்புறம்தான் மறுபடி கிளம்புவீர்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் வயிறு முட்டிவிடும். பெட்டிக்கடை அக்கா கேட்பாள், மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருப்பவன் கேட்பான், நாயைக் குளிப்பாட்டும் தாத்தாவும் கேட்பார்.

இதற்குப் பதில் "திஹா ரா." அங்கனதான். அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை. கூடவே உதட்டைக் குவித்து ஒரு திசையைக் காட்டலாம். இங்கே விரலைவிட உதடுதான் அதிகம் வழி காட்டுகிறது. கேட்டவர் புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்குவார். ஆமாம், சரி, பார்த்துவிட்டேன் எல்லாம் அந்தப் புருவத்துக்குள் அடக்கம். நம்முடைய தலையாட்டலைப் பார்த்து இவர்கள் எவ்வளவு முழிக்கிறார்களோ, அவ்வளவு நாம் இந்தப் புருவத்தைப் பார்த்து முழிக்கலாம்.

என் அறைத்தோழன் அம்பாசமுத்திரத்துக்காரன். பொய் சொல்லத் தெரியாத குடும்பம். எங்கே போகிறாய் என்று கேட்டால் நின்று விளக்குவான்: முதலில் ஜெராக்ஸ் கடை, பிறகு நூலகம், திரும்பி வரும்போது அரை டஜன் முட்டை. அவன் சொல்லி முடிக்கும் வரை பெட்டிக்கடை அக்கா சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வரும்போது "எங்கேயிருந்து வாற?" என்பார்கள், அதற்கும் ஓர் அறிக்கை. இப்போதெல்லாம் அவன் தலை தெரிந்ததும் தாத்தா நாயை மும்முரமாகத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார். இவர்கள் தகவல் வேண்டிக் கேட்பதில்லை மாமா. நீ இந்தத் தெருவில் இருக்கிறாய், நான் உன்னைப் பார்த்தேன் என்பதற்கு ரசீது கொடுக்கிறார்கள். ரசீதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அவனுக்கு வந்த அடுத்த சோதனை வாசலில். இங்கே விருந்தாளி கதவைத் தட்டுவதைவிட வெளியே நின்று குரல் கொடுப்பதுதான் வழக்கம். அந்தக் குரல் "ஆயோ!" உள்ளே இருப்பவர் "தாயோன்!" என்றால் வரலாம் என்று அர்த்தம். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் "ஆயோ!" என்று சத்தம். நம்மாள் ஆம்லெட்டை அடுப்பிலேயே விட்டுவிட்டு, யார் வீட்டில் என்ன ஆச்சோ என்று வெறுங்காலோடு ஓடினான். அங்கே தண்ணீர் கேன் போடுகிற பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஆம்லெட்டுக்குத்தான் அன்றைக்கு "ஐயோ" சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டிக்கடைக்கு இங்கே சாரி-சாரி கடை என்று பெயர். சேலையும் கிடைக்காது, மன்னிப்பும் கிடைக்காது. மற்றதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலத்தில் தொங்கும். ஒரு பொருள் இல்லை என்றால் "வாலா" என்பார்கள், அதுவும் கடைசி எழுத்தைத் தொண்டையில் சட்டென்று வெட்டி. திருநெல்வேலிக் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். அறைத்தோழன் "முட்டை இருக்கா?" என்று கேட்டான். அக்கா "வால" என்றாள். பாசமாகக் கூப்பிடுகிறாள் என்று இவன் கடைக்குள்ளேயே போய்விட்டான்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நமக்குப் பயிற்சியே வேண்டாம். "நிகாஓன் நா கா?" என்றால் சாப்பிட்டாச்சா. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கேள்வி. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வழியில் போகிற யாரைக் கண்டாலும் "மஙாஓன் தா!" வா சாப்பிடலாம் என்பார். அவர் கையில் ஒரே ஒரு பூசோதான் இருக்கும், ஆனாலும் கூப்பிடுவார். பூசோ என்பது தென்னங்குருத்தில் பின்னிய சின்னக் கூட்டுக்குள் அரிசியைப் போட்டு வேகவைத்த சோறு. கொத்துக் கொத்தாகக் கடையில் தொங்கும். நம்மூர் ஓலைக்கொழுக்கட்டைக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டதும் உட்கார்ந்துவிடக் கூடாது. "சலாமாத், பூசோக் பா கோ", நன்றி, வயிறு நிறைஞ்சிருக்கு என்று சொல்லி நகர வேண்டும். விடாமல் வற்புறுத்தினால் உட்காரலாம். முழுப் பன்றியை மூங்கிலில் கோத்து வாட்டுகிற லெச்சோன்தான் இந்த ஊரின் பெருமை. நான் அதைத் தொடுவதில்லை என்று தெரிந்ததும் வீட்டில் துக்கம் நடந்துவிட்டதுபோல என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார்கள்.

மஙாஓன் என்று எழுதும்போது நம்முடைய ங எழுத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. அரிச்சுவடியில் படம் போட ஒரு சாமான் கிடைக்காமல் பாவம் சும்மாவே உட்கார்ந்திருக்குமே, அதற்கு இங்கே ஓய்வே இல்லை. பெயர் என்றால் ஙாலான், ஏன் என்றால் ஙானோ, பல் என்றால் ஙீபோன். என்னைப் போலவே பிழைப்புத் தேடிக் கடல் கடந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் நண்பர்களின் முதல் வாக்கியம், "நிதாம்போக் மான் கா!" குண்டாயிட்டியே! யாரும் யாரையும் காயப்படுத்துவதாக நினைப்பதில்லை. அதே நாள் ராத்திரி அம்மா வீடியோவில் பார்த்து "எலும்பும் தோலுமா ஆயிட்டியேல" என்று கண்ணைத் துடைக்கிறாள். அடுத்த கேள்வி, "நாஆ நா காய் உயாப்?" காதலி இருக்காளா? வீட்டுக்கார அம்மாள் கேட்கிறாள், ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்கிறார், பல் பிடுங்க வந்த நோயாளிகூட வாயைத் திறப்பதற்கு முன்னால் கேட்கிறார். என் பதில் "வாலா பா", இன்னும் இல்லை. அம்மாவிடமும் இதை அப்படியே பிசாயாவிலேயே சொல்லிவிடுங்கள்.

நாம் எந்த மாநிலமாக இருந்தாலும் இவர்களுக்குப் 'பும்பாய்'தான். கடம்பூர் ஸ்டேஷனைத் தாண்டாத நம் குடும்பத்துக்கு வந்த கௌரவத்தைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து கடன் கொடுக்கும் வட இந்தியர்கள் இங்கே வெகு பிரபலம்; ஐந்து வாங்கினால் ஆறு தர வேண்டும், அதனால் அந்தத் தொழிலுக்கே 'ஃபைவ்-சிக்ஸ்' என்று பெயர். என்னைக் கண்டால் கேன்டீன் நண்பர்கள் ஒளிவதுபோல நடிப்பார்கள். நான் நோட்டைப் புரட்டி வசூல் பார்ப்பதுபோல நடிப்பேன். கந்துவட்டி பார்த்த ஜில்லாவிலிருந்து வந்தவனுக்கு அந்த நடிப்பு தானாக வருகிறது.

மரியாதை விஷயத்தில் நீங்கள் செபுவுக்குத்தான் ஓட்டுப் போடுவீர்கள். மணிலாவில் பெரியவர்களிடம் பணிவாகப் பேச வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' சேர்க்க வேண்டும். உங்களிடம் நான் அப்படிப் பணிவு காட்டினால் அன்றைக்கே எனக்கு வீட்டில் சோறு கிடையாது. பிசாயாவில் அந்தப் 'போ' இல்லை. நீ, நீங்கள் என்று இரண்டாகப் பிரிக்கவும் மாட்டார்கள், எல்லோருக்கும் 'கா'தான். மரியாதை முழுவதும் உறவுப் பெயரில் இருக்கிறது. பெரியவர் நோங், மூத்த பெண் நாங், இளவட்டம் தோங், சின்னப் பெண் 'தாய்'. பேத்தியை ஆச்சி "ஏ தாயி" என்று கூப்பிடுவதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஆண் சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் 'பாய்' என்பார்கள். நம்மூரில் பாய் என்றால் பிரியாணி ஞாபகம் வரும்; இங்கே கூப்பிட்ட குரலை நம்பிப் போனால் பூசோதான்.

இதெல்லாம் மனப்பாடம் செய்யலாம். செய்ய முடியாதவை சில உண்டு: மான், லாகி, பிதாவ், குட். நம் பேச்சில் வருகிற லா, வே, பாத்துக்க மாதிரி இவை வாக்கியத்தின் வாலில் தொங்கும். எடுத்துவிட்டால் பொருள் மாறாது, ஆனால் பேசுகிறவன் ரயில்வே அறிவிப்பு ஆகிவிடுவான். நண்பன் புலம்பும்போது நடுநடுவே "பிதாவ்" போட்டால் நான் உன் பக்கம் என்று அர்த்தம். ஒன்றும் புரியாவிட்டால் "மாஓ பா?" அப்படியா? இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முழு காதல் தோல்வியைக் கேட்டு முடிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே 'குவான்'. பெயர் மறந்துபோன ஆள், பொருள், செயல் எதற்கும் குவான். "குவான் வந்தான்லா, அவன் அந்தக் குவானை எடுத்துக் குவான் பண்ணிட்டான்" என்று ஒருவன் சொன்னால் மற்றவன் புருவத்தைத் தூக்குகிறான், புரிந்துவிட்டதாம்! அத்தை அடுக்களையிலிருந்து "அந்த இதுல இருக்கிற அத எடுங்க" என்றதும் நீங்கள் சரியாகப் பெருங்காய டப்பாவை எடுத்துக்கொடுப்பீர்களே, அந்தப் படிப்பு இது.

ஜீப்னி என்கிற சின்ன பஸ்ஸில் போகும்போது இறங்க வேண்டிய இடத்தில் "லுகார் லாங்" என்று குரல் கொடுக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் கம்பியில் காசைத் தட்டினாலும் நிற்கும். காசு என்றதும் சொல்ல வேண்டும், இவர்களுக்கு ஒன்று முதல் பத்து வரை உசா, துஹா, துலோ என்று சொந்த எண்கள் உண்டு. ஆனால் விலையும் மணியும் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான். 300 வருஷத்துக்கு மேல் ஆண்டவர்கள் கடிகாரத்தையும் கல்லாப்பெட்டியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "குமுஸ்தா?" என்ற குசல விசாரணையும் அவர்கள் விட்டுப்போனதே.

செபுவை நிறுவியது சோழ இளவரசன் என்று நீங்கள் அனுப்பிய ஃபார்வர்டையும் பார்த்தேன். ஸ்ரீ லுமாய் என்று பாதி தமிழ், பாதி மலாய் ரத்தம் கொண்ட ஒருவர் வந்த கர்ணபரம்பரைக் கதை இங்கே உண்டு. கதைதான், கல்வெட்டு எதுவும் கிடையாது. வீட்டுக்கார அம்மாளிடம் எடுத்துச் சொல்லியும் வாடகையில் ஒரு பெசோ குறையவில்லை. நம் சரக்கு என்று துணிந்து சொல்லக்கூடியது மாங்காய். மலாய் வழியாக வந்து இங்கே 'மங்கா' ஆகியிருக்கிறது.

எழுத்துச் சான்று வேண்டுமென்றால் 1521-க்குப் போக வேண்டும். கடலோடி மகெல்லனோடு வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகஃபெட்டா செபுவானோச் சொற்களைப் பட்டியல் போட்டு வைத்தார். நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். உடல் உறுப்புகள், எண்கள், சாப்பாட்டுச் சாமான்கள். எலும்பு பேர் படிக்கச் சொல்லும் நீங்கள் அவரை மெச்சுவீர்கள். ஆனால் ஏப்ரல் 7 அன்று செபுவில் இறங்கிய மகெல்லன் 27 அன்று எதிரே இருக்கும் மக்தான் தீவில் அதன் தலைவன் லாபுலாபுவின் ஆட்களோடு சண்டைக்குப் போய் உயிரை விட்டார். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள்; திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கலாம். இன்றைக்கு விமான நிலையம் இருப்பதும் அதே தீவில்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஜனவரி மூன்றாவது ஞாயிறு இங்கே சினுலோக் திருவிழா. பொங்கலுக்குப் பக்கத்திலேயே வருகிறது. அன்றைக்கு வீட்டுக்கார அம்மாள் உங்களை வீடியோவில் பார்க்க வேண்டும் என்கிறாள். எங்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மத்தியானத் தூக்கத்துக்கு முன்பே கூப்பிடுகிறேன். அவள் "குமுஸ்தா?" என்பாள், நீங்கள் "மாஆயோ மான்" என்று சொல்ல வேண்டும். சாப்பிட்டாச்சா என்றால் "ஓஓ". மேசையில் லெச்சோனைக் காட்டி "மஙாஓன் தா!" என்பாள், ஆச்சி பக்கத்தில் இருந்தால் போனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு "பூசோக் பா கோ" சொல்லுங்கள். உங்கள் தொந்தியைப் பற்றி ஒரு வார்த்தை நிச்சயம் வரும். கோபப்படாமல் "பிதாவ்" போடுங்கள். போனை வைக்கும்போது நாம் போறேன் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் "ஊனா கோ", நான் முன்னால போறேன் என்பார்கள். அதற்குப் பதில் "ஆம்பிங்", பத்திரம்.

அவ்வளவும் போதும். நடுவில் 'உயாப்' என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும், சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்