எழும்பும் ஒட்டகம்: கல்முனைக் கரையில் மடிப்பும் திமிலும் பற்றிய ஓர் ஆய்வு

ஹஜ்ஜுப் பெருநாள் எந்த நாளென்று ஏறத்தாழப் பத்து நாளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நோன்புப் பெருநாளைப் போல இருபத்தொன்பதாம் இரவில் பிறைச் செய்திக்காக வானொலியைச் சுற்றிக் குந்தியிருக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகளின் வாழ்த்து அட்டை ஒன்பதாம் பிறையன்று, இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் தொடங்கப்படுகிறது. ஏன்? வேறெவரும் ஆராயாத குறையால் நானே இறங்கினேன். ஆய்வுக் களம்: மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடைப்பட்ட ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை. ஆய்வுப் பொருள்: திறந்தால் உள்ளேயிருந்து மிருகம் எழும்பும் அட்டை.

தாளை எழுப்பும் வித்தைக்குப் பரம்பரை உண்டு. யூக்ளிட்டின் வடிவியலை ஹென்றி பில்லிங்ஸ்லி மொழிபெயர்த்து, அது 1570இல் லண்டனில் அச்சானபோது, கூம்பகம் போன்ற திண்ம வடிவங்கள் தாள் துண்டுகளாக ஒட்டப்பட்டு வாசகர் விரலால் நிமிர்த்திப் பார்க்கும்படி வந்தன. 1887இல் ஜெர்மானியர் லோதார் மெக்கெண்டோர்ஃபர் ஒரு சர்க்கஸையே குதிரைகளோடு புத்தகத்துக்குள் மடித்து வைத்தார். இருவருக்கும் நிக்காஹ் காட்டின் அருமை தெரியாது. அந்தக் குறையை இக்கட்டுரை நிரப்புகிறது.

எங்கள் பக்கத்து அலுமாரிகளில் கொடுத்து மிஞ்சிய நிக்காஹ் காட் ஒரு கட்டாவது கிடக்கும். தடிப்பான மட்டை, ஓரத்தில் பொன்னிறக் கோடு. பிரிஸ்டல் போட் வாங்கக் கடைக்குப் போகலாம்தான். பெருநாள் இரவில் கல்முனைக் கடைத்தெருவுக்குள் போனவர் நேரத்துக்குத் திரும்புவது நிச்சயமில்லை. ஆகவே மணமக்கள் பெயர் உள்ள பக்கத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்துவிட வேண்டியது. எங்கள் ஒட்டகம் ஒன்றின் வயிற்றில் “வலீமா விருந்து” என்று இன்றைக்கும் மங்கலாகத் தெரிகிறது.

இனி வடிவியல். மட்டையை நடுவில் மடித்து, மடிப்பைக் குறுக்கே கடந்து செல்லும்படி சமாந்தரமாக இரண்டு வெட்டு. மடிப்புக்கு இப்புறம் 3 செ.மீ., அப்புறம் 3 செ.மீ. நடுவிலுள்ள துண்டை உட்பக்கம் தள்ளினால், அட்டையைச் செங்கோணமாகத் திறக்கும்போது வாசற்படி போல ஒரு படி எழும்பும். அதன் முன்முகத்தில் மிருகத்தை ஒட்ட வேண்டும். இங்கேதான் விதி வருகிறது: அட்டையை மூடினால் மிருகம் முன்பக்கம் சாய்ந்து படுக்கும். பக்கம் 10 செ.மீ. என்றால் படிக்கு 3 போக, மிருகத்துக்கு மிச்சம் 7. எட்டு செ.மீ. உயர ஒட்டகம் மூடிய அட்டைக்கு வெளியே ஒரு செ.மீ. தலையை நீட்டும். “வாப்பா, இது எட்டிப் பாக்குது” என்று மகள் அறிவித்தது இந்த விதியைத்தான்.

இந்த விதிப்படி பார்த்தால் அட்டைக்கு மிகப் பொருத்தமான மிருகம் மாடு. அகலம் கூட, உயரம் குறைவு, கழுத்தால் தொல்லையில்லை. ஆட்டுக்குக் கொம்பு முறியும். யானையை எங்கள் பிள்ளைகள் கேட்பதில்லை. சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்கு அது அட்டையில்லாமலே எழும்பி வருகிறது. ஆனாலும் எல்லாரும் ஒட்டகத்தையே செய்கிறார்கள், ஒட்டகத்தை நேரில் கண்டிராதவர்கள். மாதிரி, பேரீச்சம்பழப் பெட்டியின் மேலுள்ள படம். அரபு நாட்டு ஒட்டகத்துக்கு ஒரு திமில்தான் என்ற செய்தியும் அந்தப் பெட்டியிலிருந்தே உறுதி செய்யப்பட்டது.

ஒரு சட்டச் சிக்கலும் எழுந்தது. உருவங்களைப் பற்றிப் பேசும் மார்க்கச் சட்ட நூல்கள் நிழல் விழுவது, விழாதது என்று பிரிப்பதுண்டு. எழும்பும் அட்டையோ மூடினால் தட்டை, திறந்தால் நிழல். இது எந்த வகை? சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு அறிஞர்கள் பலர் சலுகை தந்திருக்கிறார்கள் என்று நான் தொடங்குமுன் மூத்தம்மா முடித்துவிட்டார்: “தொழுற நேரம் மூடி வை மனே.”

அட்டை போகும் தூரத்தையும் அளந்தேன். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக்கொள்ளும் ஊர் இது. அதனால் பெரியம்மாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறார்கள். முத்திரை வேண்டாம், தபால் வேண்டாம். முப்பது எட்டு எடுத்து வைத்தால் வாழ்த்துச் சேர்ந்துவிடும். வாயாலேயே சொல்லிவிடக்கூடிய வாழ்த்துக்கு எதற்கு ஒட்டகம்? விடை, அட்டையைத் திறந்தவர் அடுத்ததாகத் திறக்கும் பொருளில் இருக்கிறது: மணிபேர்ஸ். பெருநாள் காசு கைக்கு வருகிறது. தலை கழன்ற ஒட்டகத்துக்கும் காசு குறைந்ததாக எங்கள் மேசையில் பதிவில்லை. இரக்கத்தால் சற்றுக் கூடியதாகவே தெரிகிறது.

தலை ஏன் கழல்கிறது? கம் காயுமுன் திறந்து பார்ப்பதால். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறக்காமலிருக்க எந்தப் பிள்ளையாலும் முடியவில்லை, ஆய்வாளராலும் முடியவில்லை. இப்போதைக்குக் காலநிலை எங்கள் பக்கம். 2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7இல் வந்தது. கச்சான் காற்று வீசும் நாட்களில் கம் சீக்கிரம் இறுகும். ஆனால் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. கணக்குப்படி 2039இல் அது ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையுமாக, இரண்டு தடவையும் மாரி மழைக்குள் விழும். அந்த ஈரத்தில் எந்தக் கழுத்து நிற்கும்?

கடைசி இரவில் ஏன் தொடங்குகிறார்கள் என்ற முதற் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையும் கடைசி இரவில் எழுதியதே. அட்டையைக் கையில் வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெல்லத் திறவுங்கள், கம் இன்னும் காயவில்லை.