கொலுப்படிக் குறைப்பு: ஓர் ஒற்றைப்படை ஆய்வு

நவராத்திரிக் கொலுவைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்தெல்லாம் கொலு வைப்பதைப் பற்றியது. எந்தப் படியில் எந்தப் பொம்மை, எந்த நாளில் எந்தச் சுண்டல், எந்த நிறத்தில் புடவை என்று புரட்டாசி பிறந்ததும் பத்திரிகைகள் இணைப்பிதழ் போட்டுவிடுகின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுகள் வைத்துச் சேர்த்ததை எழுபது வயதில் எப்படிக் குறைப்பது என்பதற்கு ஓர் இணைப்பிதழையும் காணோம். இவ்வளவுக்கும் கொலு வைக்கும் வீடுகள் பலவற்றில் அந்த வயதை எட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குறையை நீக்க முற்படும் இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே. ‘கொலுவைக் குறைத்துக்கொண்டோம்’ என்று ஒரு மூத்த குடும்பம் சொன்னால் அங்கே குறைந்திருப்பது படிதான். பொம்மைகள் அத்தனையும் அந்த வீட்டிலேயே இருக்கின்றன. பொம்மை குறைய வேண்டுமானால், அதைப் பெருக்கிய சம்பிரதாயத்தையே எதிர்த்திசையில் ஓடவிட வேண்டும்.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வோம். கொலு வழிபாடா, பொழுதுபோக்கா என்று வீட்டில் கேட்டால் வழிபாடு என்றே பதில் வரும். சான்றுகள் வேறு சொல்கின்றன. ஒரு கலசமும் ஒரு மரப்பாச்சி ஜோடியும் இருந்தால் கொலு ஆயிற்று என்று கண்டிப்பான பாட்டிகளே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் கிரிக்கெட் விளையாடும் பதினொரு பேர், கல்யாண ஊர்வலத்து நாகஸ்வரக்காரர், பல்லக்குத் தூக்கிகள், செட்டியார் தம்பதி, அவர்கள் கடையின் பருப்பு மூட்டை, தலையாட்டும் தஞ்சாவூர் நாட்டியப் பெண், இவர்களெல்லாம் எந்த சாஸ்திரத்தின்படி வந்தார்கள்? ஆசையின்படி வந்தார்கள். பண்ருட்டி மண்ணா, கொண்டபள்ளி மரமா, சன்னபட்னா அரக்கா, காகிதக்கூழா என்று தட்டிப் பார்த்து, மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மூக்கும் முழியும் ஆராய்ந்து, விலை பேசி, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை இவை. தபால்தலை சேர்ப்பவரும் நாணயம் சேர்ப்பவரும் செய்வது இதைத்தான். அவர்கள் ஆல்பத்துக்கு நைவேத்தியம் காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஆகவே கலசமும் மரப்பாச்சியும் போக மீதி முழுவதையும் சேகரம் என்று கொள்கிறேன். இனி வரும் முடிவுகள் அதற்கு மட்டுமே பொருந்தும். தெய்வக் குற்றம் பற்றிய கவலைகளை இந்த இடத்தோடு இறக்கி வைத்துவிடலாம்.

படிகளின் எண்ணிக்கை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, சில வீடுகளில் பதினொன்று என்று ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். ஏற்றும்போது இந்த விதி யாரையும் உறுத்துவதில்லை. இறக்கும்போதுதான் அதன் கடுமை தெரிகிறது. ஒன்பதிலிருந்து எட்டுக்கு வர முடியாது; ஏழுக்குத்தான் வரலாம். ஏழிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்று. ஆக, ஒன்பது படி வைத்த குடும்பத்துக்கு ஆயுள் முழுவதும் கிடைப்பவை நான்கே குறைப்புகள். அளவாகக் கிடைப்பதால் ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. தனி வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டுக்கு வந்தது ஒரு காரணம். பிள்ளைகள் வெளிநாடு போனது இன்னொன்று. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மூன்றாவது. நான்காவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூட்டு என்றதும் பொம்மை அடுக்குபவரின் மூட்டு என்று எடுத்துக்கொள்வது இத்துறையில் பரவலாக உள்ள பிழை. அடுக்குபவர் தரையில் நின்றே பெரும்பாலும் அடுக்கிவிடுகிறார். மகாளய அமாவாசையன்று ஸ்டூல் போட்டுப் பரணில் கைவிட்டு அட்டைப்பெட்டிகளையும் டிரங்குப் பெட்டியையும் இறக்கி, விஜயதசமி கழிந்ததும் அதே வரிசையில் திரும்ப ஏற்றுபவர் இன்னொருவர். பல வீடுகளில் கணவர். முதலில் தேய்வது அவருடைய மூட்டு. ‘இந்த வருஷம் அஞ்சு படி போதுமே’ என்ற யோசனை ஏறுபவரிடம்தான் பிறக்கிறது. அடுக்குபவர் அதை ஒரு வாரம் எதிர்க்கிறார். பிறகு உறவினர்களிடம் தம் முடிவாக அறிவிக்கிறார்.

எந்த இரண்டு படிகளை எடுப்பது? ஒன்பது படிக்கு வழங்கும் தத்துவ விளக்கம் இங்கே உதவ வேண்டும். கீழேயிருந்து ஓரறிவுப் புல்பூண்டு, ஈரறிவு நத்தை, மூவறிவு எறும்பு, நாலறிவு நண்டு, ஐந்தறிவு விலங்கு, ஆறறிவு மனிதர், அதற்கு மேல் மகான்கள், தேவர்கள், உச்சியில் மும்மூர்த்திகளும் தேவியரும். ஆறறிவுப் பகுப்பு தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. அதன்மேல் மூன்று மாடி எழுப்பியது கொலு மரபு. இதன்படி ஏழு படிக்கு இறங்கும் குடும்பம் நத்தையையும் எறும்பையும் கைவிட்டால் போதும். மேலே இருப்பவர் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் களத்தில் நத்தை எங்கே? எறும்புப் பொம்மையைக் காசு கொடுத்து வாங்கிய வீடு எது? கொலுவுக்கு எறும்பு வருவது சுண்டலுக்காக, அதுவும் அழைப்பில்லாமல். கீழ்ப்படிகள் நான்கும் தத்துவத்தில்தான் சிற்றுயிர்களுக்குச் சொந்தம். அனுபோகத்தில் அங்கே செட்டியார் கடையும் கல்யாண செட்டும் கிரிக்கெட் ஆட்டமும் நெடுநாளாகக் குடியிருக்கின்றன. ஆகவே தத்துவத்தைப் பின்பற்றி எறும்பின் படியை எடுத்தாலும் வீடிழப்பது மனிதர்கள்தான்.

வீடிழந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. படிகளுக்குப் பக்கத்தில் தரையில் பூங்கா ஒன்று உண்டு. மண் பரப்பி, கேழ்வரகோ வெந்தயமோ தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் வாத்து மிதக்கவிட்டு, குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. அங்கே ஒற்றைப்படை விதி செல்லாது. எல்லைக் கல்லும் கிடையாது. படி குறைந்த ஆண்டில் பூங்கா அகலமாகிறது. வீட்டில் குழந்தையே இல்லாத காலத்தில் பூங்கா ஆகப் பெரியதாக இருப்பதற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. டி.வி. ஸ்டாண்டு, ஷோகேஸ், ஃப்ரிட்ஜின் தலை, ஜன்னல் திண்டு ஆகியவையும் படி அல்ல. எனவே அவற்றில் நிற்பவர்களும் கணக்கில் வருவதில்லை. படியிலேயே தங்கிவிட்டவர்கள் முன்னும் பின்னுமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்வரிசை தெரிய வேண்டுமே என்று அவர்களின் காலடியில் ஹார்லிக்ஸ் டப்பாவை வைத்து வேட்டியால் மூடுகிறார்கள். மூடிய டப்பா ஒரு படியாகுமா? ஆகும் என்றால் ஐந்து படி பத்தாகிவிடும், பத்து இரட்டைப்படை, ஆகவே ஆகாது என்பதே இதுவரை உள்ள தீர்ப்பு. இங்கும் இடம் கிடைக்காதவை பெட்டியைவிட்டு இறங்காமல் பரணிலேயே தங்குகின்றன. மடக்கும் இரும்பு ஸ்டாண்டு வைத்திருக்கும் வீடானால், கழற்றிய இரண்டு படிகளும் அவற்றுக்குத் துணையாக மேலே போகின்றன. குறைப்பு நடந்த ஆண்டில்தான் பரண் ஆக அதிகமாகக் கனக்கிறது. கொலுவைக் கூடத்தில் அளக்கக் கூடாது, பரணில் பெட்டியை எண்ணித்தான் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனிப் பொம்மைகளின் வரவு செலவைப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது வழக்கம். ஐம்பது கொலு கண்டவரிடம் குறைந்தது ஐம்பது இருக்கும். அந்த ‘ஒன்று’ சில ஆண்டுகளில் செட்டாக அமைந்திருந்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். மண் பொம்மைதானே, உடைந்து குறையாதா என்று கேட்கலாம். உடைகின்றன, ஆனால் முழுதாக உடைவதில்லை. போவது மூக்கு நுனி, சுண்டுவிரல், வீணையின் தலை, புல்லாங்குழலின் பாதி. எம்-சீலும் பெயின்ட் டப்பாவும் வந்த பிறகு இவை மரணக் காயங்கள் அல்ல. மூளியான சாமியை வைக்கக் கூடாது என்று விதி இருப்பது உண்மையே. கிருஷ்ணருக்குச் சாத்திய மாலை எந்த இடத்தை மறைத்துக்கொண்டு விழுகிறது என்று கவனித்தால் அந்த விதியின் நடைமுறை விளங்கும். மனிதப் பொம்மைகளுக்கு அந்த விதிகூட இல்லை. கை போன பேட்ஸ்மேன் அம்பயர் ஆகிவிடுகிறார்.

பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்பது வழக்கமாக எழும் மறுப்பு. நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் கொலு வைக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமெரிக்கா செல்லும் பல விமானங்களில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோதான். பருப்புப் பொடி, வடாம், ஊறுகாய் போக எஞ்சும் இடத்தில் பண்ருட்டிப் பள்ளிகொண்ட பெருமாள் பள்ளிகொள்ள முடியாது. பெண்ணுக்குச் சீராகத் தர வேண்டிய மரப்பாச்சியோ பழைய வழக்கப்படி செம்மரத்தில் கடைந்தது. செம்மரம் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள மரம். கொடுத்தே தீர வேண்டியதை எடுத்துப் போக யோசிக்க வேண்டும்; தாராளமாக எடுத்துப் போகக்கூடிய காகிதக்கூழ்ப் பொம்மையை அவர்கள் கேட்கவில்லை. சரி, விற்றுவிடலாம் என்றால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் சிலை, சிற்பம் போன்றவற்றுக்கு நூறு வயது நிரம்பினால்தான் தொல்பொருள் என்ற தகுதியைத் தருகிறது. மாமியார் காலத்துப் பொம்மைக்கு அறுபது, எழுபது இருக்கலாம். புதிது என்று விற்க முடியாத கிழம், பழையது என்று விற்க முடியாத இளசு. இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு பத்திரமாக வைத்திருந்தால் தகுதி வந்துவிடும்தான். பத்திரமாக வைத்திருப்பதுதான் நாம் தீர்க்க வந்த பிரச்சினை. கோயில் அரசமரத்தடியில் வைத்துவிடலாம் என்பார்கள். சாமிப் பொம்மைக்குச் சரி. அரசமரத்தடியில் அம்பயரை நிறுத்திவிட்டு வந்தால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது தனி ஆய்வுக்குரியது. போகியன்று போட்டுவிடு என்பவர்கள், சுட்ட மண் ஏற்கெனவே சூளையில் ஒருமுறை வெந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெளியே போக வழி கொலுவுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். இருக்கிறது. ஆண்டுக்கொரு புது வரவு என்ற வழக்கம் கேட்பது, போன வருஷம் இந்தப் படியில் நிற்காத ஒரு முகத்தை. கடை ரசீதை அது கேட்பதில்லை. எதிர்வீட்டில் நாற்பது ஆண்டு கொலுவிருந்த ராமர் பட்டாபிஷேகம் இந்த வீட்டுக்கு இந்த வருஷ வரவாகலாம். எனவே வெற்றிலை பாக்கோடு பொம்மையையும் வைத்துக் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். உடனே எழும் மறுப்பு வலுவானது. நவராத்திரியில் வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி வீடு வீடாகச் சுற்றி, மடிப்புக் கலையாமல், கொடுத்தவரிடமே வந்து சேர்வதை எல்லோரும் அறிவார்கள். பொம்மையும் அப்படித் திரும்பி வராதா? சமவயதினருக்குக் கொடுத்தால் நிச்சயம் வரும். கொலுவுக்கு வந்து போகும் மாமிகள் எல்லோருக்கும் அதே வயது, அதே மூட்டு, அதே பரண். ஆகவே முதல் கொலு வைக்கும் வீடாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: மூன்று படி போட்டுவிட்டு, நிரப்ப ஆளில்லாமல் நடுப்படியில் டெடி கரடியை உட்கார வைத்திருக்கும் இளம் தம்பதி. அங்கே போன பொம்மை திரும்ப முப்பது ஆண்டாவது ஆகும்.

வேகம் போதுமா என்பது நியாயமான கேள்வி. ஆண்டுக்கு ஒன்று வாங்கி இரண்டு கொடுத்தால் நிகரமாகக் குறைவது ஒன்று. 150 பொம்மை உள்ள வீட்டில் எழுபது வயதில் தொடங்குபவர் 220 வயதில் முடிப்பார். இங்கேதான் செட்டுகள் கைகொடுக்கின்றன. செட்டைப் பிரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இதுவரை சேகரத்துக்குக் காவலாக இருந்தது. வாமனரை மட்டும் கொடுத்தால் மீதி ஒன்பது பேர் தசாவதாரமாக மாட்டார்கள். ஆகவே ஒருவரையும் கொடுப்பதில்லை. அதே கட்டுப்பாட்டை வாசல்வரை நகர்த்திவிட்டால் அது உந்து விசையாகிவிடுகிறது. தசாவதாரம் கிளம்பினால் பத்து, நவக்கிரகம் ஒன்பது, அஷ்டலட்சுமி எட்டு, அறுபடைவீடு ஆறு. நாயன்மார் செட் உள்ள வீட்டில் ஒரே மாலையில் 63 போய்விடும். என்ன, அறுபத்துமூவரோடு ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்குவதைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்ட தம்பதி கதவைத் திறப்பார்களா என்று சொல்ல முடியாது. எட்டிலோ பத்திலோ தொடங்குவதே விவேகம்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகு அடுக்குபவரிடமிருந்து ஒரு மறுப்பு வரும்: ‘அந்தப் பொண்ணுக்கு வைக்கத் தெரியாது.’ மற்ற மறுப்புகளைப்போல் இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் உண்மையிலேயே தெரியாது. மச்சாவதாரம் எந்தக் கையோரம் தொடங்க வேண்டும், பலராமருக்கும் கிருஷ்ணருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும், வாமனரின் குடையைக் கடைசியில் ஏன் செருக வேண்டும் என்பதெல்லாம் பெட்டியோடு போவதில்லை. ஐம்பது ஆண்டாக அடுக்குபவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த அதிகாரத்தைத்தான். பொம்மை அதற்கு ஒரு சாக்கு. எனவே அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அடுத்த நவராத்திரிக்கு அந்த வீட்டிலிருந்து வெற்றிலை பாக்குக்கு அழைப்பு வரும். போய், பரசுராமருக்கு முன்னால் ராமர் நிற்பதைக் கண்டதும் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மாற்றி வைக்கலாம். பெரியவர்கள் என்று ஒருவரும் தடுக்க மாட்டார்கள். ஐந்து செட்டை ஐந்து வீட்டுக்குக் கொடுத்தவர் ஐந்து கொலுவில் திருத்தம் செய்யலாம்; பரண் ஏற ஆள் தேட வேண்டாம், சுண்டலுக்கு ஊறவைக்க வேண்டாம். இளம் தம்பதிக்கு இதில் ஆட்சேபம் இருக்கக்கூடும். அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. அவர்கள் இப்போதுதான் மூன்று படியில் இருக்கிறார்கள், பதினொன்றை எட்ட இன்னும் நான்கு ஏற்றங்கள் பாக்கி.